பதினேழு கல்

அந்தக் காலத்தில் வாட்ச் நின்றுபோனால்தான் அதன் முதுகைத் திறப்பார்கள். இப்போது நன்றாக ஓடித் தொலைக்கிறதே என்று திறக்கிறோம். திறப்பது யார் யார் என்றால், ரிட்டயர் ஆனவர்கள், ரிட்டயர் ஆகாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் யாருக்கும் தேவைப்படாதவர்கள், ராத்திரி இரண்டு மணி வரை மேசை விளக்கின் கீழ் குனிந்திருக்கும் மென்பொருள் கம்பெனிப் பையன்கள். புது வாட்ச் வாங்குவோம். டயலைக் கழற்றி வேறு டயல் வைப்போம். முள்ளைப் பிடுங்கி வேறு முள் குத்துவோம். கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம், சாவித் திருகு எல்லாம் மாற்றி முடித்தபின் வாங்கிய வாட்ச்சில் மிச்சமிருப்பது பில் மட்டும்தான். இதற்கு ‘மாடிங்’ என்று பெயர். கல்யாண வீட்டில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். என் அப்பா காலத்து மதுரையில் ஒரு ரிப்பேர்க்காரர் இதைச் செய்து மாட்டிக்கொண்டால் கடை வாசலில் கூட்டம் கூடிவிடும்.

அப்பாவிடம் இருந்தது எச்.எம்.டி. ஜனதா. அரசாங்கக் கம்பெனியான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் ஆலை தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் ரோமர், ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் என்று சுவிட்சர்லாந்துச் சரக்குதான். அது வக்கீல் வீட்டுக்கும் மில் முதலாளி வீட்டுக்கும் போகும். மற்றவர்கள் அவர்களிடம் மணி கேட்டுக்கொள்வார்கள். ஜனதா வந்த பிறகுதான் வாத்தியாருக்கும் கண்டக்டருக்கும் மணிக்கட்டு என்று ஒன்று இருப்பது ஊருக்குத் தெரிந்தது. எங்கள் அப்பா வாத்தியார். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது.

காலையில் குளித்து, விபூதி பூசி, சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு அடுத்த காரியமாக வாட்ச்சுக்குச் சாவி கொடுப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. அதிகமாகத் திருகினால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்பது வீட்டுச் சட்டம். (முழுக்கச் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடாது, இதற்குமேல் போகாது என்று விரலுக்கே தெரியும். அதை அப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு வந்தபோது அவர் பேட்டரி வாட்ச்சுக்கு மாறியிருந்தார்.) ராத்திரி முனிசிபாலிட்டி சங்கு ஊதியதும் மணியைச் சரிபார்ப்பார். சங்குக்கும் வாட்ச்சுக்கும் மூன்று நிமிஷம் வித்தியாசம் இருந்தால் திருப்தி. வேண்டுமென்றே முன்னால் தள்ளி வைத்திருந்த மூன்று நிமிஷம் அது, பஸ்ஸுக்காக. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருந்தார்கள். பஸ்காரரும் வைத்திருந்தாரோ என்னவோ, அப்பா எப்போதும் ஓடிப்போய்த்தான் ஏறினார்.

இப்போது நான் சரிபார்ப்பது விநாடியை. ‘டைம்கிராஃபர்’ என்று ஒரு பெட்டி. வாட்ச்சை அதன் தாங்கியில் பிடித்து வைத்தால், உள்ளே இருக்கும் மைக், துடிப்பைக் கேட்டுத் திரையில் புள்ளி புள்ளியாகக் கோடு போடும். கோடு மேலே ஏறினால் வாட்ச் முந்துகிறது, கீழே சரிந்தால் பின்தங்குகிறது. ஜனதாவின் துடிப்பு மணிக்கு 18,000, அதாவது விநாடிக்கு ஐந்து. பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது என்றும் பெட்டி சொல்லும். 270-க்கு மேல் இருந்தால் ஆரோக்கியம். 220-க்கு இறங்கினால், நல்ல டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எண்ணெய் காய்ந்துவிட்டது என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்புவோம். நாளைக்கு ஒரு நிமிஷம் பிந்துகிற வாட்ச் என்றால் எங்கள் கூட்டத்தில் துக்கம் விசாரிப்பார்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அதில் அறுபது பிசகினால் பத்தாயிரத்தில் ஏழு பங்கு. வீட்டில் வேறெந்தச் சாமானும், மனிதர்களையும் சேர்த்து, இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. இத்தனைக்கும் ரிட்டயரான எனக்கு எங்கேயும் நேரத்துக்குப் போக வேண்டிய அவசியமே கிடையாது.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில், அப்பாவின் வாட்ச்சைப் பார்க்கும் ரிப்பேர்க்காரர் பாயின் கடை இருந்தது. கடை என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஒரு மேசை, அதன்மேல் கண்ணாடிப் பெட்டி, பின்னால் பாய். கம்பியில் கோத்த பூதக்கண்ணாடி ஒன்று தலையைச் சுற்றி வந்து வலது கண்ணில் நிற்கும். கழற்றிய சக்கரங்களை வெள்ளைக் காகிதத்தில் வரிசையாக வைத்து, தூசி படாமல் டீ கிளாஸைக் கவிழ்த்து மூடிவிடுவார். கழுவுவதற்கு ஒரு கிண்ணியில் பெட்ரோல், குழந்தைகள் படம் வரையும் பிரஷ், ஊத ஒரு ரப்பர் பந்து. எண்ணெய் வைக்க, காதை உடைத்துத் தட்டிய தையல் ஊசி. அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெயைத் தொட்டு, கல்லின் குழியில் விடுவார். கல்லுக்குப் பக்கத்தில் பட்டுவிட்டால் எண்ணெய் பரவி ஓடி, வேண்டிய இடம் காய்ந்துவிடும் என்று அப்போதே எனக்குச் சொல்லியிருக்கிறார். கடைசியாக பேலன்ஸை இறக்குவார். தலைமுடியைவிட மெலிந்த ஹேர் ஸ்பிரிங் அதனடியில் தொங்கிக்கொண்டு நடுங்கும். அந்த நேரத்தில் டவுன் பஸ் போனால் பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். திருகு முடுக்கியதும் பேலன்ஸ் தானே ஆடத் தொடங்கும். வாட்ச்சைக் காதில் வைப்பார். “இழுத்து அடிக்குது” என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் மூடியைப் போடுவார். அந்தக் காதுதான் அவருடைய டைம்கிராஃபர்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பா வாட்ச்சைக் கொடுத்துவிட்டுப் போகவே மாட்டார். ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிடுவார். அவருக்கு அவசர வேலை இருந்தால் என்னை உட்கார்த்திவிட்டுப் போவார். “கண்ணை எடுக்காதடா, கல்லை எடுத்துருவாங்க.”

வாட்ச்சுக்குள் பதினேழு சிவப்புக் கல் இருக்கிறது என்பதும் அதை ரிப்பேர்க்காரர்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொள்கிறார்கள் என்பதும் அன்றைக்கு ஊரறிந்த உண்மை. ஓவராயிலிங்குக்குக் கொடுத்து வாங்கியபோது பதினேழு பதினைந்தாகிவிட்டது என்று சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருந்தார். எண்ணிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்தக் கல் செயற்கை மாணிக்கம். அலுமினாத் தூளை எரிவாயுச் சுடரில் உருக்கி வளர்ப்பது. அந்த முறையை ஃபிரான்சின் வெர்னாய் 1902-இல் வெளியிட்டதிலிருந்து மாணிக்கத்தின் மானம் போய்விட்டது. நம் திருச்சியில் வீட்டுக்கு வீடு செயற்கைக் கல் பட்டை தீட்டிக்கொண்டிருந்த காலத்தில், மதுரையில் ஒரு மனிதர் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள, நடுவில் ஓட்டை போட்ட கல்லைத் திருடி எந்த மோதிரத்தில் பதித்திருப்பார்? எடுத்தாலும் சக்கரத்தின் அச்சு நிற்க இடமில்லாமல் வாட்ச் அங்கேயே படுத்துவிடும். தேய்மானம் குறையட்டும் என்று வைத்ததை, கம்பெனிக்காரர்கள் டயலிலேயே கொட்டை எழுத்தில் எண்ணிக்கை போட்டு விற்றார்கள். சந்தேகத்தை வாட்ச்சோடு சேர்த்தே விற்றிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

பாய்க்கு இதெல்லாம் தெரியும். “தம்பி, நல்லா எண்ணிக்கங்க” என்று பூதக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். நான் எண்ணுவேன். மேலே தெரிவது ஏழெட்டுத்தான். மிச்சம் டயல் பக்கத்திலும் பேலன்ஸுக்கு அடியிலும் இருக்கிறது என்பார். அப்பாவிடம் நான் பதினேழு என்று சொல்லிவிடுவேன்.

என் மேசையை வந்து பார்த்தால் பாய் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. சுவிஸ் பெர்ஜியான் திருப்புளிகள், அளவுக்கு ஒரு நிறம்: மஞ்சள் என்றால் 0.80 மில்லிமீட்டர், சிவப்பு என்றால் 1.20. மோபியஸ் எண்ணெய், வேகமாக ஆடும் இடத்துக்கு ஒன்று, மெதுவாகச் சுழலும் இடத்துக்கு ஒன்று, மெயின் ஸ்பிரிங்குக்கு ஒரு கிரீஸ். எண்ணெய்ப் புட்டியில் இருப்பது 2 மில்லி. விலை சில ஆயிரம். என் மனைவி அந்தப் புட்டியைப் பார்த்துவிட்டு, “இந்த விலைக்கு செக்கு எண்ணெய் வருஷத்துக்கே வாங்கிடலாமே” என்றாள். கணக்கு சரிதான். விரலுக்குப் போடும் ரப்பர் உறை, தூசியை ஒற்றி எடுக்கும் பச்சைப் பசை, காந்தம் நீக்கும் கருவி. இவ்வளவையும் வைத்து நான் சீர்செய்யும் வாட்ச்சின் விலை, அந்த எண்ணெய்ப் புட்டியைவிடக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். பாயிடம் தொழில் இருந்தது, ஆயுதம் இல்லை. என்னிடம் ஆயுதம் இருக்கிறது.

மாடிங் பற்றிச் சொல்கிறேன் என்று எங்கேயோ போய்விட்டேன். இதில் எல்லாருடைய கைக்கும் வசமானது சீகோ. எஸ்.கே.எக்ஸ்.007 என்று 1996-இல் ஒரு டைவர் வாட்ச் போட்டார்கள்; கடலில் 200 மீட்டர் ஆழம் தாங்கும். அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் குளியலறைக்குள் போவதற்கு முன் கழற்றி வைத்தவர்கள். 2019 வாக்கில் அதை நிறுத்தும்வரை உலகமே பிரித்து மேய்ந்தது. இப்போது அதன் இடத்தில் என்.எச்.35 என்ற மெஷின். சீகோ தயாரித்து யாருக்கு வேண்டுமானாலும் விற்கிறது. டயல் 28.5 மில்லிமீட்டர், மணி முள் துளை 1.50, நிமிஷ முள் 0.90, விநாடி முள் 0.20. இந்த எண்கள் தெரிந்தால் போதும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் டயலும் முள்ளும் தருவித்துச் சேர்த்துவிடலாம். நாளைக்கு 20 விநாடி பிந்தலாம், 40 விநாடி முந்தலாம் என்று கம்பெனியே சலுகை கொடுத்திருக்கிறது. நாங்கள் அந்தச் சலுகையை ஏற்பதில்லை.

விநாடி முள் குத்துவதுதான் பரீட்சை. 0.20 மில்லிமீட்டர் துளையை அச்சின் தலையில் உட்கார வைத்து, பிளாஸ்டிக் நுனியால் நேராக அழுத்த வேண்டும். ஒரு மயிரிழை சாய்ந்தால் முள் வளைந்துவிடும் அல்லது நிமிஷ முள்ளில் உரசும். உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்ததும் பக்கவாட்டில் பார்த்து, மூன்று முள்ளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு ஊதுகிறோம், பசையால் ஒற்றுகிறோம், பூதக்கண்ணாடியில் டயலை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறோம். சுத்தம். கேஸில் இறக்கி, ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவி, பின்மூடியை முறுக்கித் திருப்பிப் பார்த்தால், ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு நூல் படுத்திருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்பதை இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் ஒருவரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. பாய் விசிறிக்குக் கீழே, பஸ் புகையில், பீடி பிடித்துக்கொண்டு வேலை செய்தார். அவர் மூடிக் கொடுத்த டயலில் நூல் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

டயல் விஷயத்தில் காலம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. ஜனதாவின் வெள்ளை டயல் நாளாவட்டத்தில் பழுத்து மங்கியபோது அப்பா அதை ஒரு வியாதியாகவே பார்த்தார். காசு கொடுத்துப் புதிதாக வெள்ளை அடிக்கச் சொன்னார். இப்போது புத்தம் புது டயலை, அறுபது வருஷம் வெயிலில் கிடந்தது போலப் பழுப்பேற்றி விற்கிறார்கள், அதற்குக் கூடுதல் விலை. இருட்டில் மினுங்கும் பூச்சும் அப்படியே. ஒரு காலத்தில் நிஜ ரேடியம் பூசினார்கள். அதைப் பிரஷ்ஷில் தொட்டு, நுனியை உதட்டில் கூர்செய்து பூசிய அமெரிக்கப் பெண் தொழிலாளர்கள் தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். இப்போது பூசுவது ஜப்பானின் நெமோட்டோ 1993-இல் கொண்டுவந்த, கதிர்வீச்சே இல்லாத சரக்கு. ஒரு தீங்கும் செய்யாது. ஆனால் அதையும் வேண்டுமென்றே பழைய ரேடியத்தின் காவி நிறத்தில் கலந்து பூசுகிறார்கள். ஆபத்தை விட்டுவிட்டு அதன் அழகை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எச்.எம்.டி. வாட்ச் ஆலைகளை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதுவரை பரணில் கிடந்த ஜனதாவும் பைலட்டும் சோனாவும் அதன்பின் பழம்பொருள் ஆகிவிட்டன. இவற்றுக்கு ஓர் ஆகமம் இருக்கிறது. டயல் ஆலையில் அச்சடித்ததாக இருக்க வேண்டும், முள் அதே மாடலுக்குரியதாக இருக்க வேண்டும், சாவித் திருகுகூட மாறியிருக்கக் கூடாது. மும்பையில் கிடைத்த உதிரிகளைச் சேர்த்து, டயலுக்கு மறுபூச்சுப் பூசி, எச்.எம்.டி. கனவிலும் நினைக்காத ஆரஞ்சிலும் மயில்கழுத்திலும் பைலட் என்று எழுதி விற்பார்கள். அதை வாங்கி வந்தவனை எங்கள் கூட்டம் படுத்தும் பாட்டைப் பார்க்க வேண்டும். எழுத்து தடித்திருக்கிறது, நிமிஷக் கோடு கோணியிருக்கிறது என்று பூதக்கண்ணாடியோடு வந்து தீர்ப்புச் சொல்வார்கள். தீர்ப்புச் சொல்கிறவர் கையில் கட்டியிருப்பது, ஜப்பான் மெஷினில் சீன டயலும் யாரோ ஊர்ப்பேர் தெரியாதவர் செய்த முள்ளும் சேர்த்து அவரே முந்தின வாரம் பூட்டியது. மும்பைக்காரர் செய்தால் மோசடி, மைலாப்பூர்க்காரர் செய்தால் ரசனை. யாரும் கைவைக்காத வாட்ச்சுக்குத்தான் விலை அதிகம். அதை வாங்குவதோ, வீட்டுக்குப் போனதும் கைவைக்கத்தான்.

நானும் அப்படிச் சிலது வாங்கியிருக்கிறேன். பழைய எச்.எம்.டி.யின் பின்மூடியை உட்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊசியால் கீறிய எழுத்துகள் தெரியும். ஒரு தேதி, ஓர் இனிஷியல், சில சமயம் ஒரு சங்கேதக் குறி. ரிப்பேர்க்காரர்கள் தாங்கள் திறந்த நாளை இப்படிக் குறித்து வைப்பார்கள். போன மாதம்தானே சர்வீஸ் பண்ணினோம் என்று யாராவது சண்டைக்கு வந்தால் மூடியைத் திறந்து காட்டிவிடலாம். என்னிடமிருக்கும் ஒரு பைலட்டில் இரண்டு கைகளின் கீறல் இருக்கிறது: ஒருவர் ஆங்கிலத்தில், மற்றவர் தமிழ் ‘மு’ போட்டு. இதைப் பாலிஷ் போட்டு அழித்துவிடலாமா என்று கேட்டவரோடு நான் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டேன்.

பாயின் தொழிலைக் கெடுத்தது கல் திருட்டுப் புகார் இல்லை. 1969 கிறிஸ்துமஸ் நாளில் சீகோ, அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் வாட்ச்சைக் கடைக்குக் கொண்டுவந்தது. விநாடிக்கு 32,768 தடவை அதிரும் படிகத்தை வைத்துத்தான் இன்றைய குவார்ட்ஸெல்லாம் ஓடுகிறது. மாதத்துக்கே பத்துப் பதினைந்து விநாடிதான் பிசகும். அது மதுரைக்கு வந்து சேரக் கொஞ்சம் வருஷமாயிற்று. தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-இல் டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்தார்கள். சாவி கொடுக்க வேண்டாம், ஓவராயிலிங் வேண்டாம், மாப்பிள்ளைக்குப் போட்டால் மதிப்பு. அப்பாவும் ஒன்று வாங்கினார். பாய் பேட்டரி மாற்றிக்கொடுத்தார். அதற்கு ஸ்டூல் போட்டு உட்கார நேரமில்லை. அப்பா நின்றுகொண்டே வாங்கி வந்துவிடுவார். அதே மாடிப்படிக்கு அடியில் இப்போது பாயின் மகன் செல்போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறார். அவரிடமும் கண்ணில் மாட்டும் கண்ணாடி இருக்கிறது. அவர் எதையாவது உருவிக்கொள்வார் என்று ஜனங்கள் எதிரிலேயே நிற்கிறார்கள். கல்லுக்குப் பதில் போட்டோக்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் வாட்ச் பார்ப்பேன் என்ற செய்தி பரவிவிட்டது. பெரும்பாலும் சுவர்க் கடிகாரம்தான் வரும். பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தால் ஓடும். பெர்ஜியான் திருப்புளிக்கு அதில் வேலையில்லை. போன மாதம் மூன்றாவது மாடிப் பெரியவர் ஒருவர் தம் எச்.எம்.டி. கோஹினூரைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தார். மின்வாரியத்தில் இருந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். “சார், நீங்க வச்சுட்டுப் போங்க, நான் பார்த்து வைக்கிறேன்” என்றேன். “பரவாயில்ல தம்பி, எனக்கும் பொழுது போகணும்ல” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். கழற்றிக் கழுவி, எண்ணெய் வைத்துச் சேர்க்க இரண்டு மதியமாயிற்று. இரண்டு மதியமும் காபி குடித்துக்கொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேலன்ஸ் ஆடியது, திரையில் கோடு படுத்தது. திரையைக் காட்டினேன், அவர் அதைப் பார்க்காமல் வாட்ச்சைக் காதில் வைத்துக்கொண்டார்.

ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்தார். “ஐயோ வேண்டாம் சார், இது சும்மா பொழுதுபோக்கு” என்று திருப்பிக் கொடுத்தேன். அங்கேதான் அவர் முகம் மாறியது. ரெண்டு நாள் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஒருவன் காசு வேண்டாம் என்கிறானே. லிஃப்ட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள இருந்த கல்லெல்லாம் அப்படியேதான இருக்கு?”

“ரெண்டு மட்டும் எடுத்துக்கிட்டேன் சார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வாட்ச்சை மறுபடி காதில் வைத்துப் பார்த்தார்.